ஒல்லிப்பிச்சான்களின் எடை

அசையாதீங்க சார் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உடனே மூக்கு அரிக்கும். அரிக்கிறது. இடது பக்கம், முனையில். சொறிய வழியில்லை. ஒரு கை பாப்பாவின் முதுகில் இருக்கிறது, இன்னொன்று கீழே தாங்கியிருக்கிறது, இரண்டில் எதை எடுத்தாலும் அவள் சிணுங்குவாள், சிணுங்கினால் ஜெனிட்டா சிஸ்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். சட்டையைத் திறக்கச் சொல்லி, வெறும் நெஞ்சில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிட்டுப் போனவர் அவர்தான். இதற்குக் கங்காரு என்று பெயர். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றவர்களின் நெஞ்சுச் சூட்டைவிட நல்ல போர்வை கிடையாதாம். முதல் நாள் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "கம்பளி போட்ட கங்காரு, பாப்பா குடுத்து வச்சது சார்" என்றார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது, அந்தச் சூடும் பாப்பாவுக்குத்தான் போயிருக்கும். குனிந்து பார்த்தால் மஞ்சள் கம்பளித் தொப்பியின் உச்சி மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் எனக்குத் தொடுவதுதான், பார்ப்பது கிடையாது. மூச்சு ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் ஒரு நொடி நின்று என் உயிரை வாங்கிவிட்டு மறுபடி ஏறுகிறது. கங்காரு முடிந்ததும் எடை போடுவார்கள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் மூக்கை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எடை இறங்கிவிட்டது. பத்து கிராம். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, காபியில் போட்டால் என் மனைவி தாமரை எனக்குத் திட்டு விடுகிற அளவு, அவ்வளவுதான். ஆனால் ஆளே மொத்தம் ஒன்றரைக் கிலோ என்றால் இரண்டு ஸ்பூன் பெரிய விஷயம். அதுவரை தினமும் ஏறிக்கொண்டே வந்த பிள்ளை. பாலை வேறு ஒரு தடவை கக்கினாள். டாக்டர் கிருபாவதி நேற்று வராந்தாவில் நின்று, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இன்னொரு நாள் பாப்போம். நாளைக்கும் இறங்குச்சுன்னா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மறுபடி மருந்து ஆரம்பிச்சிரலாம், உள்ள இன்குபேட்டர்லயே வச்சுக்கலாம். ஏறுச்சுன்னா அம்மா ரூமுக்கு அனுப்பிரலாம், அவங்களுக்குத்தான் காய்ச்சல் விட்டுருச்சே" என்றார். இரண்டு வாக்கியம். ஒன்றில் மறுபடியும் ஊசி, மறுபடியும் அந்தப் பச்சை நரம்பைத் தேடுகிற வேலை. இன்னொன்றில் தாமரை. பிள்ளையைப் பெற்ற அன்று ஒரு தடவை காட்டினார்கள், அப்புறம் அவளுக்குக் காய்ச்சல், அவளை உள்ளே விடவில்லை. பெற்றவள் கண்ணாடிக்கு வெளியே சக்கர நாற்காலியில், ஒன்றும் செய்யாத நான் உள்ளே கங்காரு. இன்று காலை கிளம்பும்போது என் காலரைப் பிடித்து இழுத்து, "அவகிட்ட சொல்லுங்க, ஒழுங்கா எடை ஏறி வரலைன்னா அம்மா கோச்சுப்பேன்னு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விரல்கள் மட்டும் காலரை விடவில்லை. நான் அதைப் பாப்பாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. ஆனால் இன்று இங்கே என்னவோ குறைகிறது. உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அப்படியே தோன்றுகிறது, நெஞ்சில் ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எடை குறைந்ததுதான் எனக்கு இப்படித் தெரிகிறதா? பத்து கிராம் எந்த நெஞ்சுக்காவது தெரியுமா?

எடை போடுவதுதான் என் தொழிலே. சிரிப்பாக இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று தாமரை கேட்ட முதல் கேள்வியே அதுதான். திருச்சி மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண், அளவு என்றால் மீட்டர் என்று பழகினவள். "நட்சத்திரத்தை எந்தத் தராசுல வைப்பீங்க?" என்றாள். சொஜ்ஜித் தட்டு கையில் இருக்கிறது, கூடத்தில் இரண்டு குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டேன். தராசு வேண்டாம்ங்க, வெளிச்சம் போதும். நிறத்தைப் பார்த்தால் எவ்வளவு சூடு என்று தெரியும். ஒளியைப் பிரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் வரும், அந்தக் கோடுகள் எவ்வளவு தடித்திருக்கின்றன என்று பார்த்தால் அதன் மேல்பரப்பில் ஈர்ப்பு எவ்வளவு என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் அளந்து வைத்திருக்கிறது. தூரமும் பிரகாசமும் சூடும் தெரிந்தால் ஆள் எவ்வளவு பெரியவன் என்று வந்துவிடும். பருமனும் ஈர்ப்பும் கையில் இருந்தால் எடை வந்தே ஆக வேண்டும். அப்பா தொடையில் கிள்ளினார். தாமரை, "எடை தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்லுவேன். எடை தெரிந்தால் அது வாழ்ந்த கதை தெரியும். சூரியன் மாதிரி ஒரு விண்மீன் வயதான காலத்தில் ஊதிப் பெருக்கும், உள்ளே ஹீலியம் கருவாகச் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கரு சூரியனில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 0.47 என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த எடையைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும் என்கிறது எங்கள் கோட்பாடு. சின்னதாகப் பிறந்த விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே எண். பற்றுவதற்குச் சற்று முன்னால், கூடவே சுற்றுகிற துணை ஒன்று அதன் மேல் சதையையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டால், கரு மட்டும் வெறும் உடம்போடு வெளியே நின்று எரியும். குட்டியாக, நீலமாக, முப்பதாயிரம் டிகிரியில். வெப்பத் துணைக்குறுமீன் என்று நாங்கள் எழுதுவோம். தாமரை யோசித்துவிட்டு, "ஒல்லிப்பிச்சான்" என்றாள். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

அதன் எடை 0.47 என்று வந்தால் கோட்பாடு பிழைத்தது. குறைந்து வந்தால் அதன் முன்பிறவி கனமான விண்மீன், கரு அந்த எடையைத் தொடுமுன்பே நிதானமாகப் பற்றிக்கொண்டது என்று பொருள். கூடி வந்தால் இரண்டு செத்த விண்மீன்கள் ஒன்றில் ஒன்று விழுந்து சேர்ந்து மறுபடி எரிகிறது என்று பொருள். அப்படிக் கூடி வந்தவன்தான் என் குண்டன். நூற்றுக்கணக்கில் ஒல்லிப்பிச்சான்களை எடைபோட்டதில் இவன் ஒருவன் மட்டும் 0.93. துணை எதுவும் தெரியவில்லை. சிவப்புப் பக்கம் கூடுதல் வெளிச்சம் இல்லை, ஆகவே தனியாள். கோடுகள் ஒல்லிப்பிச்சான்களுக்கு ஆகாத அளவுக்கு அகலம், ஆகவே வேகமாகச் சுழல்கிறான், இரண்டு சேர்ந்து ஒன்றானால் சுழலத்தானே செய்யும். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. ரேணுகா மட்டும்தான் முரண்டு பிடித்தாள். பெங்களூரில் எனக்கு அடுத்த மேசை, எதையும் லேசில் நம்பாத பெண். "மாறன், இவன் அழகா இருக்கான்னு நீ ரொம்ப நம்புற" என்றாள். என் பெயர் திருமாறன், அவள் திட்டும்போது மட்டும் பாதியாகக் குறையும். பிரசவம் முன்னாலேயே வந்துவிட்டது, நான் ராத்திரி பஸ் பிடித்துத் திருச்சிக்கு வந்தேன், குண்டன் அப்படியே கிடக்கிறான். கிடக்கட்டும். பாப்பாவின் கால் அசைகிறது. தவளைக்கால். வயிற்றில் ஒரு உதை, கொசு உட்கார்ந்த மாதிரி. அடடா, என் ராசாத்தி, உதை, இன்னொன்று உதை. உதைத்தால் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். உதைத்தால் எடை குறையுமோ? உதைக்காதேடி, அப்படியே கிட. கிறுக்கு. இப்படி ஒரு தகப்பன் உனக்கு.

மறுபடியும் அது. என்னவோ இல்லை. வலது பக்கம், நெஞ்செலும்புக்குக் கொஞ்சம் கீழே. அங்கே மட்டும் தோல் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. வாட்ச் கழற்றி வைத்த மணிக்கட்டுக்கு இருக்குமே, அந்த மாதிரி. பயமாக இருக்கிறது. இதைத்தான் உள்ளுணர்வு என்பார்களோ, பெற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பார்களே, அந்தப் பேச்செல்லாம் எனக்கு ஆகாது. இந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளே சதை பிடிக்கிற கடைசி வாரங்கள் கிடைக்கவில்லை. தாமரைக்கு ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாமல், அவசரமாக எடுத்துவிட்டார்கள். மேல் சதை இல்லாமல் வெறும் கருவாக வெளியே வந்து எரிகிற ஆள். வேண்டாம். குழந்தையை விண்மீன் என்று நினைக்க ஆரம்பித்தால் தாமரை உலக்கையை எடுப்பாள். விண்மீனுக்குப் பால் கொடுக்க வேண்டாம், காய்ச்சல் பார்க்க வேண்டாம், அது இறங்கினால் யாரும் வராந்தாவில் நிற்க மாட்டார்கள். கணுக்காலில் கட்டிய பட்டையில் பெயர் கூட இல்லை, பேபி ஆஃப் தாமரைச்செல்வி. பெயர் வைப்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்திருக்கிறோம். தொட்டில் வாங்கவில்லை. சட்டை வாங்கவில்லை. அதெல்லாம் ஆசைப்பட்டதாகக் கணக்காகிவிடும் என்று பயம். ஆனால் ஆசைப்படாமலா இருக்கிறோம். முதல் நாள் இவளை நெஞ்சில் வைத்தபோது அந்த இடத்தில் உரசியதில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அட்டை முனை குத்தியதால் என்று சிஸ்டரிடம் பொய் சொன்னேன். அட்டை. அட்டை முனை. வலது பக்கம், நெஞ்செலும்புக்குக் கீழே.

அட்டை இல்லை. அதுதான். இவள் இடது கையில் ஊசிக்குழாய் போட்டு, கை மடங்காமல் இருக்க ஒரு அட்டைத் துண்டைப் பஞ்சு சுற்றி வைத்து, பிளாஸ்டரை மேலுக்கு மேல் ஒட்டி, முனையில் ஒரு பிளாஸ்டிக் திருகும் தொங்கவிட்டிருந்தார்கள். கையைவிடப் பெரிய மூட்டை. முந்தாநாள் வரை அது என் நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது, ராத்திரி தாமரை சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். நேற்று நான் கங்காருவுக்கு வரவில்லை, காய்ச்சல் விட்டு அசந்து கிடந்த தாமரையோடு இருந்தேன். மருந்து முடிந்தது என்று நேற்று காலையில்தான் கழற்றியிருப்பார்கள். கழற்றிவிட்டு எடை போட்டிருப்பார்கள். அப்படியானால் அதுவரை போட்ட எடையெல்லாம் பிள்ளையும் அட்டையும் சேர்ந்தது. நேற்றுப் போட்டது பிள்ளை மட்டும். அந்த மூட்டை இருக்கும் முப்பது கிராம், அதைக் கழித்துவிட்டால் இவள் இறங்கவே இல்லை, ஏறியிருக்கிறாள், ஏறியிருக்கிறாள் என் தங்கம், நாங்கள்தான் இரண்டு பேரை ஒருத்தியாக எடை போட்டிருக்கிறோம். எழுந்து கத்த வேண்டும் போல இருக்கிறது. அசையக் கூடாது. சிஸ்டர் எங்கே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருடனோ போனில் பேசுகிறார். இரு, திருமாறா, இரு. முப்பது கிராம் என்று யார் சொன்னது? நீயே சொல்லிக்கொண்டது. அட்டை பத்து கிராம்தான் என்றால் ஏறினதே இல்லை என்று ஆகிவிடும். பாலைக் கக்கினாளே, அது? உனக்கு ஒரு எண் வேண்டும், அதற்கு ஏற்ற அட்டையை நீ செய்துகொள்கிறாய். இந்த ஆளை நம்பலாமா? இதற்கு முன்னால் எந்த எண்ணை இப்படி ஆசைப்பட்டு நம்பினான்? 0.93. குண்டன். இரண்டு பேரை ஒருத்தனாக. இரண்டு பேரை. அய்யோ. வெளிச்சம் இரண்டு மடங்கானால் நான் கணக்குப் போடுகிற எடையும் அப்படியே இரண்டு மடங்காகும், ஈர்ப்பு மாறாத வரைக்கும் அது நேர்க்கணக்கு. 0.93-இல் பாதி, 0.47-க்குத் துளி குறைவு. சிவப்புத் துணையைத் தேடினேன், கிடைக்கவில்லை, தனியாள் என்று எழுதினேன். துணையும் நீலமாக இருந்தால்? அவனும் இன்னொரு ஒல்லிப்பிச்சானாக இருந்தால்? அகலமான கோடு சுழற்சியே இல்லை, இரண்டு பேரின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அகலமாகத் தெரிகிறது. இரண்டு பேரும் கோட்பாடு சொன்ன எடைக்கு ஒழுங்காக நின்று எரிந்துகொண்டிருக்கிறார்கள், நான் குறுக்கே விழுந்து அவர்களைக் கட்டி ஒருத்தனாக்கிக் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டேன். எத்தனை மாதம்! ரேணுகா சிரிக்கப்போகிற சிரிப்பு இங்கேயே கேட்கிறது. எனக்கும் வந்துவிட்டது. வயிறு குலுங்கியதில் பாப்பா இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டாள். வெறும் கை. இரண்டும் வெறும் கை. என் நெஞ்சில் ஐந்து விரல் பதிந்தது. குண்டன் போய்விட்டான், கட்டுரை போய்விட்டது, எனக்குக் கொஞ்சம் கூட வருத்தமில்லை. இதிலாவது சரியாக இருக்கட்டும். அதில் தப்பு, இதில் சரி என்று இருக்கட்டும். இப்படியெல்லாம் பேரம் பேசக் கூடாது என்று தெரியும், பேசுகிறேன்.

"என்ன சார், தனியா சிரிக்கீங்க?" ஜெனிட்டா சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்டுவிட்டேன். சிஸ்டர், பாப்பா கையில் இருந்த அட்டையை எப்போது எடுத்தீர்கள், அதோடுதான் முன்னால் எடை போட்டீர்களா? அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டே யோசித்தார். "நேத்து காலைல எடுத்தோம். அதுக்கப்புறம்தான் எடை போட்டது." கை நின்றது. "ஆமா சார், அதோட சேத்துத்தான் முன்னாடி போட்டோம். நா நேத்து மத்தியானந்தான் ட்யூட்டிக்கு வந்தேன், எனக்கு அது தோணலயே." "அது எவ்வளவு இருக்கும்?" "அது எவ்ளோன்னு எப்படி சார் சொல்ல, குப்பையில போட்டாச்சு. அது மட்டுந்தான் காரணம்னும் சொல்ல முடியாது, பால் கக்குச்சுல்லா. டாக்டர்ட்ட நா சொல்லுதேன். நேத்தும் அட்டை இல்ல, இன்னைக்கும் இல்ல. இன்னைக்குப் போடுத எடைதான் நேர்எடை, அதையே பாப்போம்." அதைத்தான் நானும் நினைத்தேன், ஆனால் வேறு யாராவது சொன்னால் பயம் கூடத்தான் செய்கிறது. நெஞ்சிலிருந்து அவளை எடுத்ததும் அந்த இடம் குளிர்ந்தது. தொப்பியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். தராசின் தட்டில் ஒரு துணியை விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். கணுக்கால் பட்டையையும் கழற்றலாமா என்றேன். "அதையும் எடுத்துட்டா இது யாரு பாப்பான்னு நாளைக்கு நாம ரெண்டு பேரும் சண்டையில்லா போடணும்" என்றார்.

பாப்பாவைத் தட்டில் வைத்தார். குளிருக்குக் கையும் காலும் விரிந்தன, வாய் கோணியது, அழப் போகிறாள். இந்த உடம்பா அத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்தது. விலா எலும்பை எண்ணலாம். வயிறு மட்டும் கொஞ்சம் உருண்டை. தாமரையின் புருவம், என் காது, பாவம், காது மட்டும் என்னுடையது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்க மாட்டேன், அவர் படிக்கட்டும். சிவப்பு எண் ஓடி நிற்க நேரமெடுக்கும், பிள்ளை அசைந்தால் இன்னும் நேரமெடுக்கும், அசையாதே என் செல்லமே, கொஞ்சம் நில், அப்புறம் அம்மாவிடம் போய் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடு. அவள் அழ ஆரம்பித்தாள், பிறகு நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள்? மூச்சு? கண்ணைத் திறந்தேன். எண் மிக மிக மேலே இருந்தது. நம்பவே முடியாத அளவு மேலே.

"சார்," என்றார் ஜெனிட்டா சிஸ்டர், மெதுவாக. "கையை எடுங்க. உங்க கையையும் சேத்துக் காட்டுது."

என் வலது கை தட்டில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. பாப்பா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் அழுகையை நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். ஐந்து விரல்தான், ஆனால் அதற்கே எனக்கு மனசு வரவில்லை. கையை எடுத்தேன். எண் சரசரவென்று இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. நின்றது. நேற்றைய எண் எனக்கு என் பெயரைவிட நன்றாகத் தெரியும். அதற்கு மேலே நின்றது.

"இருபத்தஞ்சு கூடியிருக்கு," என்றார் அவர். "டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரட்டும், அவங்க சொல்லட்டும். ஆனா ரூமை ரெடி பண்ணச் சொல்லிரலாம் சார். அம்மாட்ட நா சொல்லவா, நீங்க சொல்லுதியளா?"

நான்தான் சொல்வேன் என்றேன். வராந்தாவில் பாதி தூரம் ஓடிய பிறகுதான், எதிரே வந்தவர்கள் விலகி வழிவிடுவதைப் பார்த்துக் குனிந்தேன். சட்டைப் பொத்தான் ஒன்றைக்கூடப் போடவில்லை.